ராத்திரி ஒண்ணும் சாப்பிடலை, அப்புறம் எப்படி 168?

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை, பெரும்பாலும் உங்கள் ஈரல் செய்து அனுப்பிய சர்க்கரை. முந்தின ராத்திரி சாப்பிட்ட மூன்று இட்லிக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் ரொம்பக் குறைவு. இதை எங்கள் லேபுக்கு வருகிற ஒவ்வொருவரையும் உட்காரவைத்துச் சொல்ல ஆசை. காலை ஆறரை மணிக்கு வாசல்வரை வரிசை நிற்கும்போது அதற்கெல்லாம் நேரம் கிடைப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியன். டிஎம்எல்டி படித்தவள், டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் என் வேலை இல்லை. ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் ஒருவர் முகம் எப்படி மாறுகிறது என்பதை முதலில் பார்ப்பது நான்தான்.

போன மாதம் ஒரு அண்ணாச்சி வந்தார். கூடவே அவர் வீட்டம்மா. ஃபாஸ்டிங், அதாவது வெறும் வயிற்றுச் சுகர், 168. "ராத்திரி ஒண்ணுமே சாப்பிடலம்மா, ஒரு தம்ளர் மோர் குடிச்சிட்டுப் படுத்துட்டேன்" என்றார். வீட்டம்மா நம்பவில்லை. "கடலைமிட்டாய் டப்பாவை எங்க ஒளிச்சு வச்சாலும் தேடி எடுத்திருவாரு, கேளுங்க" என்று என்னிடம் பஞ்சாயத்து வைத்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் பதில் சொல்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த மாதிரி வாரம் தவறாமல் யாராவது ஒருவர் திருட்டுப்பட்டம் வாங்குகிறார். அது அநியாயம். அவர் சொன்னது முழுக்க உண்மையாக இருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரியவர்கள் உடம்பில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் ரத்தம். சுகர் 100 என்றால் 100 மில்லியில் 100 மில்லிகிராம். பெருக்கினால் மொத்த ரத்தத்திலும் சேர்த்து 5 கிராம் குளுக்கோஸ்தான். ஒரு டீஸ்பூன் சர்க்கரை. மூளை மட்டுமே ஒரு நாளைக்கு 120 கிராம் குளுக்கோஸைச் செலவழிக்கிறது. மணிக்கு 5 கிராம். தூங்கினாலும் அதன் செலவு பெரிதாகக் குறைவதில்லை. வேறு எதுவும் வந்து சேரவில்லை என்றால், படுத்து ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரையே இருக்காது. மயக்கம், வலிப்பு, அப்புறம் சாவு. ஆனால் நாம் எல்லோரும் காலையில் எழுந்து பல் தேய்க்கிறோம். ராத்திரி முழுக்க யாரோ ஒருவர் அளந்து அளந்து ஊற்றிக்கொண்டே இருந்தால்தானே இது நடக்கும். ஊற்றுவது ஈரல். அறுபது கிலோ எடையுள்ள ஆளுக்கு அது மணிக்கு சுமார் 7 கிராம் குளுக்கோஸை ரத்தத்தில் விடுகிறது. எட்டு மணி நேரத்தில் ஐம்பது கிராமுக்கு மேல். ஒரு கடலைமிட்டாயும் சாப்பிடாத ராத்திரியில் நடப்பது இது.

இதில் ஒரு பங்கு ஈரல் ஏற்கெனவே சேர்த்துவைத்திருந்த கிளைகோஜன், அதாவது குளுக்கோஸைக் கோத்துச் சேமித்த வடிவம். அது ஏறக்குறைய 100 கிராம்வரை இருக்கும், ஒரு நாள் பட்டினியில் கிட்டத்தட்ட காலியாகிவிடும். தசையில் இதைவிடப் பல மடங்கு கிளைகோஜன் இருக்கிறது. ஆனால் அதைக் குளுக்கோஸாக ரத்தத்தில் விட வேண்டுமானால் கடைசியில் ஒரு நொதி வேண்டும், அது தசையில் கிடையாது. தசையின் சேமிப்பு தசைக்கு மட்டும்தான். மீதிப் பங்கைத்தான் ஈரல் புதிதாகவே செய்கிறது. மாவுச்சத்து துளியும் இல்லாத பொருள்களிலிருந்து செய்கிறது. ஒரு ராத்திரிப் பட்டினி முடிகிற நேரத்தில் ரத்தத்துக்கு வரும் சர்க்கரையில் ஏறக்குறைய பாதி இப்படிப் புதிதாகச் செய்ததாக இருக்கும். பட்டினி நீள நீள அந்தப் பங்கு ஏறிக்கொண்டே போகும்.

ஈரல் சர்க்கரை செய்கிறது என்பதை முதலில் பிடித்தவர் பிரான்ஸின் கிளாட் பெர்னார்ட். 1848இல் அவர் ஒரு நாய்க்கு வெறும் இறைச்சியை மட்டும் கொடுத்து வளர்த்துப் பரிசோதித்தார். குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் சர்க்கரை இல்லை. ஈரலிலிருந்து வெளியே வரும் குழாயில் இருந்தது. செடிகள் மட்டும்தான் சர்க்கரை செய்யும், விலங்குகள் அதைத் தின்று தீர்க்க மட்டும்தான் செய்யும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. பிறகு 1855இல் இன்னொரு பரிசோதனை. ஈரலின் குழாய்களுக்குள் தண்ணீரை விட்டு, சர்க்கரை வராத அளவுக்குக் கழுவி, அப்படியே வைத்துவிட்டு அடுத்த நாள் பார்த்தார். மறுபடியும் சர்க்கரை ஊறியிருந்தது. அது அந்த ஈரலின் கிளைகோஜனிலிருந்து வந்தது என்பதை 1857இல் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இந்தப் பரிசோதனைக்கு அவர் வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே ஈரலில் இரண்டு தடவை அளப்பது அவர் வழக்கம். ஒருநாள் நேரம் போதாமல் இரண்டாவதை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார். மறுநாள் அளவு கூடியிருந்தது. 'அளந்ததில் ஏதோ பிசகு' என்று விட்டுவிடாமல் ஏன் என்று கேட்டார். தினமும் சாம்பிளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அந்த நிதானத்தின் அருமை தெரியும்.

சாம்பிள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சுகருக்கு ரத்தம் எடுக்கும்போது நாங்கள் சாம்பல் நிற மூடி போட்ட ட்யூபில் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் கொஞ்சம் வெள்ளைத் தூள் இருக்கும், சோடியம் ஃப்ளோரைடு. அது இல்லாத சாதா ட்யூபில் விட்டு மேஜைமேல் வைத்தால், மணிக்கு மணி சர்க்கரை 5 முதல் 7 சதவீதம் குறைந்துகொண்டே வரும். தின்பது யார்? அந்த ரத்தத்தில் இருக்கும் அணுக்களேதான், முக்கியமாகச் சிவப்பணுக்கள். சிவப்பணுவுக்குக் கொழுப்பை எரிக்கத் தெரியாது, ஆக்சிஜனைச் சுமக்குமே தவிர அதைப் பயன்படுத்தவும் தெரியாது. குளுக்கோஸை உடைத்து லாக்டேட் என்ற பொருளாக்கி வெளியே தள்ளும், அதில் கிடைக்கும் கொஞ்ச சக்தியில் வாழும். உடம்புக்கு வெளியே வந்த பிறகும் ட்யூபுக்குள் அதையே செய்துகொண்டிருக்கும். முகாம்களில் சாதா ட்யூபில் எடுத்து, மத்தியானம்வரை வெயிலில் வைத்து, பிறகு லேபுக்கு அனுப்பும் சாம்பிள்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். சுகர் இருக்கிறவருக்கு 'நார்மல்' என்று ரிப்போர்ட் போய்விடும்.

உங்கள் நரம்பில் ஓடும்போதும் அதே சிவப்பணு இப்படித்தான் தின்கிறது. ஆனாலும் அளவு குறைவதில்லை. காரணம், அது தள்ளிவிட்ட லாக்டேட் ஈரலுக்குப் போய், மறுபடி குளுக்கோஸாகித் திரும்பி வருகிறது. ட்யூபில் ஈரல் இல்லை, உடம்பில் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஓடும்போது, மூட்டை தூக்கும்போது தசையும் இப்படி லாக்டேட்டைத் தள்ளுகிறது. தசைக்கும் ஈரலுக்கும் இடையிலான இந்தச் சுற்றை 1929இல் விளக்கியவர்கள் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி என்ற கணவன் மனைவி. பிராகில் படித்து, அமெரிக்காவுக்குப் போனவர்கள். இருவரும் ஒரே மேஜையில் ஒரே வேலையைச் செய்தவர்கள். ஆனால் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணவருக்குப் பேராசிரியர் பதவி, கெர்ட்டிக்கு அவர் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு. 1947இல்தான் அவரையும் பேராசிரியர் ஆக்கினார்கள். அதே வருஷம் மருத்துவ நோபல் வந்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். லேபில் வேலை பார்க்கும் பெண்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் பாடப் புத்தகத்தில் 'கோரி சுழற்சி' என்று ஒரு படம் இருந்தது, அதில் பாதி ஒரு பெண்ணுடையது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

இந்தத் திரும்பச் செய்யும் வேலை சும்மா நடப்பதில்லை. குளுக்கோஸை லாக்டேட்டாக உடைத்தால் இரண்டு ஏடிபி (செல் செலவழிக்கும் சக்திக் காசு) கிடைக்கும். இரண்டு லாக்டேட்டைச் சேர்த்து ஒரு குளுக்கோஸ் ஆக்க ஆறு செலவாகும். கூடுதல் சக்தியை ஈரல் கொழுப்பை எரித்துச் சம்பாதிக்கிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டியிருக்கும்.

லாக்டேட் தவிர இன்னும் இரண்டு மூலப்பொருள்கள். ஒன்று கிளிசரால். கொழுப்பு உடையும்போது மூன்று கொழுப்பு அமிலங்களைப் பிடித்துவைத்திருந்த சின்ன முதுகெலும்புத் துண்டு அது. இன்னொன்று அமினோ அமிலங்கள், அதாவது புரதம். நீண்ட பட்டினியில் அது தசையிலிருந்துதான் வரும்.

கொழுப்பு அமிலத்திலிருந்து மட்டும் நமக்குக் குளுக்கோஸ் செய்ய வராது. அதை உடைத்தால் இரண்டு கார்பன் துண்டுகளாக வரும். அந்த இரண்டு கார்பனும் செல்லின் எரிப்புச் சுழற்சியில் ஏறி, இரண்டு கார்பன் டை ஆக்சைடாக வெளியே போய்விடும், மிச்சம் ஒன்றும் நிற்காது. நிலக்கடலைக்கு இது வரும். முளைவிடும்போது கடலை தன் எண்ணெயைச் சர்க்கரையாக மாற்றித்தான் இலை விடும்வரை தாக்குப்பிடிக்கிறது. அதற்கு வேண்டிய இரண்டு நொதிகள் அதனிடம் உண்டு, நம்மிடம் இல்லை. மாட்டுக்கு இன்னொரு வழி. வைக்கோலையும் புல்லையும் அதன் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்துவிடுவதால், குடலிலிருந்து குளுக்கோஸ் அதற்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். அந்த நொதித்தலில் கிடைக்கும் புரோப்பியானேட் என்ற மூன்று கார்பன் அமிலத்திலிருந்து அதன் ஈரல் தனக்கு வேண்டியதைச் செய்துகொள்கிறது. நாம் குடிக்கும் பாலின் இனிப்புக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த வேலை.

பேலியோ இருக்கிறவர்கள் சிலர் எங்களிடம் வருகிறார்கள். "முட்டை, கறி, பாதாம் தவிர எதையும் தொடுறதில்ல, பின்ன எப்படி சுகர் 98 காட்டுது?" என்று கேட்பார்கள். காட்டாவிட்டால் நீங்கள் நடந்து வந்திருக்க முடியாது என்பதுதான் பதில். கறியின் புரதத்திலிருந்தும், கொழுப்பின் கிளிசராலிலிருந்தும், சிவப்பணு தள்ளிய லாக்டேட்டிலிருந்தும் ஈரல் செய்துகொள்கிறது. நீங்கள் சோற்றை நிறுத்தலாம், ஈரலுக்கு லீவு கொடுக்க முடியாது.

சரி, 168க்கு வருகிறேன். ஈரல் எவ்வளவு செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு கடிவாளம் இருக்கிறது, அதுதான் இன்சுலின். அவிழ்த்துவிடுவது குளுக்ககான் என்ற இன்னொரு ஹார்மோன். இன்சுலின் சொன்னால் ஈரல் கேட்க வேண்டும். இரண்டாம் வகை சர்க்கரை நோயில் ஈரல் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. ரத்தத்தில் ஏற்கெனவே போதுமான சர்க்கரை இருக்கும்போதும் இன்னும் வேண்டும் என்று நினைத்துச் செய்துகொண்டே இருக்கிறது. இதில் விடியற்காலை வேறு. நாம் எழுவதற்கு முன்பே, மூன்று நான்கு மணி வாக்கில், வளர்ச்சி ஹார்மோனின் தாக்கம், கார்ட்டிசோலின் ஏற்றம் எல்லாம் சேர்ந்து உடம்பை எழுப்பத் தயார் செய்கின்றன. அவை ஈரலை இன்னும் தூண்டிவிடும். நோய் இல்லாதவருக்கு இன்சுலின் கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடும். நோய் உள்ளவருக்கு அது முடியாது. பத்து மணிக்குப் படுக்கப்போகும்போது 140 இருந்தவருக்கு, ஒன்றும் சாப்பிடாமலேயே காலையில் 168 இருப்பது இப்படித்தான்.

'இன்னும் ரெண்டு மணி நேரம் பட்டினி கிடந்தா இறங்கிடும்' என்று பத்தரை மணிவரை காபிகூடக் குடிக்காமல் இருந்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. பலருக்கு அது இறங்குவதற்குப் பதில் ஏறியிருக்கும். டெஸ்டுக்கு முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஏற்கெனவே சுகர் மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவர்களுக்கு அது ஆபத்து.

டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எழுதும் மெட்ஃபார்மின் மாத்திரையின் முக்கிய வேலையே ஈரலின் இந்தச் சர்க்கரை உற்பத்தியைக் குறைப்பதுதான். ஐரோப்பாவில் ஒரு பழைய மூலிகைச் செடியை வைத்துத் தொடங்கிய ஆராய்ச்சியின் வழியில் வந்த மருந்து அது. 1957இல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார். 'நான்தான் ஸ்வீட்டே தொடுறதில்லையே, இந்த மாத்திரை எதுக்கு' என்று நிறுத்திவிடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்த மாத்திரை உங்கள் தட்டைப் பார்த்து வேலை செய்வதில்லை.

கடிவாளம் முழுதாகவே அறுந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு பையனிடம் பார்த்தேன். பதினான்கு வயது இருக்கும். மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறான், ஆனால் இளைத்துக்கொண்டே போகிறான், ராத்திரி நாலு தடவை எழுந்து ஒன்றுக்குப் போகிறான் என்று அவன் அம்மா கூட்டி வந்தார். கையில் டூர்னிக்கெட் கட்டினால் பட்டை இரண்டு சுற்று வந்தது. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கும் பெனடிக்ட் கரைசலை எங்களிடம் இன்னும் வைத்திருக்கிறோம். ஐந்து மில்லி நீலக் கரைசலில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்கவைத்தேன். பச்சை, மஞ்சள் எல்லாம் நிற்கவே இல்லை, நேராகச் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. கொழுப்பு அளவுமீறி எரிவதைக் காட்டும் கீட்டோனும் இருந்தது. டாக்டருக்கு உடனே போன் போட்டுச் சொல்லி அனுப்பிவைத்தோம். முதல் வகை சர்க்கரை நோய். இன்சுலினே இல்லாததால் அவன் ஈரல் நிறுத்தாமல் சர்க்கரை செய்துகொண்டிருந்தது, அதற்கு வேண்டிய அமினோ அமிலத்தை அவன் தசை கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் குழாயில் படிந்த செங்கல் நிறத்தில் அவன் தொடையும் தோளும் இருந்தன. இன்சுலின் ஆரம்பித்த பிறகு இப்போது நன்றாகத் தேறிவிட்டான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறான்.

இதுவரை கூடுதலாகச் செய்வதைப் பற்றிப் பேசினேன். இந்த வேலை நின்றுபோவது அதைவிடக் கொடுமை.

பீகாரில் முசாஃபர்பூர் லிச்சிப் பழத்துக்குப் பேர்போன ஊர். மே, ஜூனில் பழம் பழுக்கும். அதே மாதங்களில் அங்கே குழந்தைகள் வருஷாவருஷம் செத்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி நன்றாக விளையாடிவிட்டுப் படுத்த குழந்தை, விடியற்காலையில் கத்திக்கொண்டு எழுந்து வலிப்பு வந்து விழும். மூளைக்காய்ச்சல், ஏதோ வைரஸ் என்று பல வருஷம் தேடினார்கள். 2014இல் மட்டும் இரண்டு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 390 குழந்தைகளில் 122 பேர் இறந்தார்கள். சர்க்கரை அளந்து பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு 70க்குக் கீழே இருந்தது. இது வைரஸ் வேலையாகத் தெரியவில்லை, லிச்சியில் உள்ள நச்சைப் பாருங்கள் என்று சொன்னவர்களில் வேலூர் சிஎம்சியில் வைராலஜிப் பேராசிரியராக இருந்த டி. ஜேக்கப் ஜான் முக்கியமானவர். வைரஸையே வாழ்நாள் முழுக்கப் படித்த ஒருவர் இது வைரஸ் இல்லை என்று சொன்னது சாதாரணமில்லை. 2017இல் வெளியான விரிவான ஆய்வும் அதைத்தான் காட்டியது.

லிச்சியின் சதையிலும் விதையிலும் இருக்கும் இரண்டு நச்சுகள், கொழுப்பு எரிவதைத் தடுக்கின்றன. ஈரல் சர்க்கரை செய்ய வேண்டிய சக்தி கொழுப்பை எரிப்பதில் இருந்துதானே வருகிறது. அது நின்றால் மூலப்பொருள் இருந்தும் ஈரலால் சர்க்கரை செய்ய முடியாது. வயிறார ராத்திரி சாப்பிட்ட குழந்தைக்கு ஈரலில் கிளைகோஜன் இருக்கும், விடியும்வரை தாங்கும். தோப்பில் விழுந்த பழத்தைப் பொறுக்கித் தின்றுவிட்டு, ராத்திரி சாப்பிடாமலே தூங்கிப்போன, ஏற்கெனவே மெலிந்த குழந்தைக்கு அந்தக் கையிருப்பு நள்ளிரவிலேயே தீர்ந்துவிடும். இறந்தவர்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுக் குழந்தைகள். பெற்றோருக்குச் சொன்ன அறிவுரை, லிச்சியைக் குறைவாகக் கொடுங்கள், ராத்திரிச் சாப்பாடு கொடுக்காமல் தூங்கவிடாதீர்கள் என்பதுதான். மருத்துவர்களுக்கு, வந்தவுடனே சுகர் பார்த்துக் குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்பது. ஒரு குளுக்கோமீட்டரும் ஒரு பாட்டில் டெக்ஸ்ட்ரோஸும் (ஏற்றுகிற குளுக்கோஸ்) இருந்தால் பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் ஊரில் இதே வேலையை நிறுத்துவது சாராயம். ஈரல் ஆல்கஹாலை எரிக்கும்போது அதன் உள்ளே வேதியியல் சமநிலை மாறி, லாக்டேட்டைத் திரும்பக் குளுக்கோஸாக்கும் வழி அடைபடுகிறது. சாப்பிட்டுவிட்டுக் குடித்தவருக்குக் கிளைகோஜன் கைகொடுக்கும். இரண்டு நாளாகச் சோறு இல்லாமல் குடித்துக்கொண்டே இருப்பவருக்கு அதுவும் இருக்காது. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தவரைக் கொண்டுவந்தார்கள். 'போதை, தெளிஞ்சதும் எழுந்திருவான்' என்று எல்லோரும் விட்டிருந்தார்கள். விரலில் குத்திப் பார்த்தால் 38. பக்கத்து டாக்டர் ஓடிவந்து குளுக்கோஸ் ஏற்றினார், பிழைத்துக்கொண்டார். குடித்துவிட்டு எழுப்பியும் எழாமல் கிடக்கிறவரைப் பார்த்தால் உடனே 108க்குக் கூப்பிடுங்கள், சுகர் பார்க்கச் சொல்லுங்கள். போதை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எங்கள் லேபில் இப்போது ஃபாஸ்டிங் ஸ்லிப்பில் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் எழுதித் தருகிறோம். வழக்கமாகச் சாப்பிடும் ராத்திரிச் சாப்பாட்டை வழக்கமான அளவில் சாப்பிடுங்கள். எட்டு முதல் பத்து மணி நேரம் கழித்து, காலையில் சீக்கிரம் வாருங்கள். தண்ணீர் குடிக்கலாம், காபி, டீ, பீடி சிகரெட் வேண்டாம். ஃபாஸ்டிங் தொடர்ந்து கூடவே இருந்து, சாப்பிட்ட பிறகு எடுத்தது மட்டும் ஒழுங்காக இருந்தால், அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள், ராத்திரி மாத்திரை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால், டப்பாவை எண்ணுவதற்கு முன் ஈரலைப் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.